ஆறு சுழல்நாற்காலிகள்

ஊரின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அங்கே இருப்பவர்கள் வருத்தப்படுவார்கள், வருத்தப்பட்டால் யார் சொன்னது என்று தேடுவார்கள், தேட ஆரம்பித்துவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் லேசில் விடக்கூடியவர்கள் இல்லை. தென்கோடியில் ஒரு பேரூராட்சி, அதற்கு ஓர் அலுவலகம், அலுவலக வாசலில் சக்கரம் கழன்று நிற்கும் ஒரு குப்பை வண்டி, உள்ளே ஐந்து பேர் என்ற அளவுக்குத் தெரிந்துகொண்டால் போதும். அந்த ஐந்து பேரும் தாத்தா காலத்து மர நாற்காலிகளில் உட்கார்ந்து, பிரம்பு அறுந்த இடத்தில் அட்டையை வைத்து, அட்டை உள்வாங்கிய இடத்தில் பழைய ஃபைலை வைத்து, அதன் மேல் துண்டை நாலாக மடித்துப் போட்டு, மணிக்கொரு தரம் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வேலை பார்த்து வந்தார்கள். இடுப்பைப் பிடிக்கப் போன நேரத்தில்தான் பிறப்புச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் வருவார்கள், ஆள் சீட்டில் இல்லை என்று திரும்பிப் போவார்கள்.

இதற்கு ஒரு முடிவு கட்டியவள் தலைமை எழுத்தர் மங்கையர்க்கரசி, சுருக்கமாக அரசி. ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி இருந்தவள், முதுகெலும்பில் இரண்டு வட்டு நகர்ந்தவள். ஊழியர்கள் வசதியாக உட்கார்ந்தால் வேலை வேகமாக நடக்கும் என்று நாலு வருஷத்தில் ஒன்பது குறிப்பு எழுதி, மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, மன்றத்தில் இரண்டு தரம் ஒத்திவைக்கப்பட்டு, கடைசியில் ஒரு புதன்கிழமை ஆறு சுழல்நாற்காலிகளை அலுவலகத்தில் இறக்க வைத்துவிட்டாள். கூடவே ஒரு தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டியும், சுவர் ஃபேன் இரண்டும், அவள் கால் வைத்துக்கொள்ள ஒரு சாய்வுப் பலகையும் வந்தன. ஊழியர்கள் ஐவருக்கு ஐந்து நாற்காலி, வருகிறவர்களுக்கு ஒன்று. முதுகில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதி, சந்தனம் குங்குமம் வைத்தார்கள், கம்பெனி சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் உறையை மட்டும் நாற்காலி அழுக்காகிவிடும் என்று யாரும் கழற்றவில்லை.

வேலை வேகமாகத்தான் நடந்தது. காலையில் மனு கொடுத்தவர் மத்தியானம் சான்றிதழோடு வீட்டுக்குப் போனார். ஒரு வருஷமாக மூட்டையில் கிடந்த பெயர் மாற்ற விண்ணப்பங்கள் ஒரே வாரத்தில் தீர்ந்தன. அரசியும் பல வருஷத்துக்குப் பிறகு முதுகை மறந்தாள். மறந்தவள் சும்மா இருந்திருக்கலாம், அவளால் முடியாது. சந்தேகம் அவளுக்குக் கூடப் பிறந்தது. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பாள், பிறகு முகர்ந்து பார்ப்பாள், பிறகு காபி போட்டு வீட்டுக்காரரை முதலில் குடிக்கச் சொல்லிக் கால் மணி நேரம் கழித்துத் தான் குடிப்பாள். முதுகு வலித்த காலத்தில் பாதி நேரம் வலிக்கே போய்விடும். இப்போது முழு நேரமும் கையில் இருந்தது, அதை வைத்துக்கொண்டு அவள் சுற்றிலும் இருப்பவர்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

எட்டாம் நாள் பதினொரு மணிக்கு அலுவலக உதவியாளர் பிச்சைக்கனி டீ போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அரசி ஒரு வாய் குடித்தாள். சீனி குறைவு. நேற்றும் குறைவு, முந்தாநாளும் குறைவு. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவள் பிச்சைக்கனியைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவர் நாற்காலி உஸ் என்று ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

பிச்சைக்கனி எழுந்து, கம்பியை இழுத்து உயர்த்தி, மறுபடி உட்கார்ந்தார். மறுபடி உஸ். இப்போது மற்றவர்களும் பார்த்தார்கள், நாற்காலி இன்னும் இரண்டு விரற்கடை இறங்கியது. மனுஷன் வியர்த்துப்போனார்.

"யக்கா, ஆத்தா சத்தியமா பாலைத் தொடல. சீனி மட்டுந்தான், அதுவும் ஒரு நாளைக்கு ரெண்டு கரண்டி. பேத்தி ரவா உருண்டை கேட்டுக்கிட்டே இருக்கா."

அடுத்த வாரம் செயல் அலுவலர் குலோத்துங்கன், முதல் நாள் மத்தியானம் முழுக்க மாவட்ட அலுவலகத்தில் மீட்டிங் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். அரசி சரி சார் என்றாள், ஆனால் நம்பவில்லை. வெள்ளைத் துண்டு போர்த்திய அதிகாரி நாற்காலி என்றும் பாராமல் அதுவும் இறங்கியது. அவர் மச்சினர் வீட்டில் ஏ.சி. போட்டுத் தூங்கியது அன்று சாயங்காலமே வெளியே வந்தது. மூன்றாவது ஆள், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பாத்திமா. வேறு எந்த வேலைக்கும் எழுதிப் போடவில்லை என்று அவள் சொன்னாள், நாற்காலி இறங்கியது, மறுநாள் தபாலில் அவளுக்கு ஹால்டிக்கெட் வந்தது. மூன்று பேர், மூன்றும் உண்மை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பொய் சொன்னால் நாற்காலி இறங்கும் என்று முடிவாகிவிட்டது. யாரும் பயப்படவில்லை, கற்பூரம் காட்டவும் இல்லை. தளவாடப் பதிவேட்டில் குறிப்புரை என்ற கட்டத்தில், பொய்க்கு இறங்குகிறது என்று அரசி பச்சை மையில் எழுதி வைத்தாள்.

முறைப்படி கம்பெனிக்கும் ஒரு கடிதம் போனது. மெக்கானிக் வந்தான், கவிழ்த்துப் பார்த்தான், உருளையில் கேஸ் சரியாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றான். அத்தனை பேரும் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பரிசோதிக்க உட்கார்ந்தவன் அடி மட்டத்துக்கு இறங்கினான். கம்பெனிக்காரன் பொய்யன் என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

செய்தி தெருவுக்குப் போக ஒரு நாள் ஆகவில்லை. ஆடு காணாமல் போனவர்கள் வந்தார்கள், புருஷன் மேல் ஐயப்பட்ட பெண்டாட்டிகள் வந்தார்கள், பெண்டாட்டி மேல் ஐயப்பட்ட புருஷன்கள் வந்தார்கள், வேலிக் கல்லை நகர்த்தவே இல்லை என்று சொல்பவரும் நகர்த்தினான் என்று சொல்பவரும் ஒரே சைக்கிளில் வந்தார்கள். கூட்டம் தாங்காமல், திங்கட்கிழமை மனு நாளில் மூன்று மணிக்கு மேல் ஆறாவது நாற்காலி பொதுமக்களுக்கு என்று போர்டு வைத்தார்கள். உட்காருகிறவர் நடுவில், வந்த சொந்தமும் சாதி சனமும் சுற்றி நின்று கண் கொட்டாமல் பார்ப்பார்கள், நாற்காலி இறங்க இறங்க ஒவ்வொருவராகத் தலையாட்டுவார்கள், அரசி ஸ்கேல் வைத்து அளந்து எழுதுவாள். ஊரில் பாதி ஆட்டைத் தின்று தீர்த்தவன் ஒருவன், எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவன், எல்லோர் வீட்டு விசேஷத்திலும் பந்தி பரிமாறுகிறவன், அவன் வந்து உட்கார்ந்தபோது நாற்காலி மயிரிழை அசையவில்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த பொன்சித்ரா என்ற பெண் மாமியாரின் கம்மலை எடுக்கவில்லை என்று அழுதுகொண்டு உட்கார்ந்தாள், பதினோரு பேர் சுற்றி நின்றார்கள், நாற்காலி தரையைத் தொட்டது. அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பி மூன்று வாரம் கழித்து அரிசி டிரம்முக்குள் கம்மல் கிடைத்தது. ஒரு தடவை தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதிவிட்டு ஊர் அடுத்த மனுவுக்குப் போய்விட்டது.

இப்படி நடந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மாவட்டத்திலிருந்து ஒரு தபால் வந்தது. கூடவே ஒரு மொட்டைக் கடுதாசியின் நகல். டைப் அடித்தது, கீழே பெயர் இல்லை. வடக்குத் தெருவிலும் கொல்லர் சந்திலும் ஏழு மாதமாகக் குழாயில் தண்ணீர் இல்லை, தெரு விளக்கு இல்லை, பேரூராட்சி அலுவலர்களோ சுழல்நாற்காலியில் சாய்ந்துகொண்டு சுத்திகரித்த தண்ணீர் குடித்துக்கொண்டு காலைப் பலகையில் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று அதில் கண்டிருந்தது. அடுத்த வாரம் புதன்கிழமை விசாரணை அதிகாரி வருவார், எழுதிய ஊழியர் யார் என்று அதற்குள் கண்டறிந்து அறிக்கை தரவும் என்று மேல் கடிதம் சொன்னது. எழுதியவர் ஊழியர்தான் என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை, மேல் கடிதம் அப்படித் தொடங்கியிருந்தது, அதனால் எல்லோரும் அங்கிருந்தே தொடங்கினார்கள்.

காலைப் பலகையில் என்ற இடத்தை அரசி நாலு தரம் படித்தாள். பலகை மேஜைக்கு அடியில் இருக்கிறது, வெளியாளுக்குத் தெரியாது. படித்து முடித்துவிட்டு அவள் தலையைத் திருப்பி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இளநிலை உதவியாளர் இருதயராஜைப் பார்த்தாள்.

அவன் மேல் அவளுக்கு முன்பே ஒரு கண் இருந்தது. வந்து எட்டு மாதம்தான். முப்பத்து நாலு வயது, கைக்குழந்தைக்காரன், அப்பா வேலையில் இருக்கும்போது இறந்து அந்தக் கருணையில் வேலைக்கு வந்தவன். டீ குடிக்க மாட்டான். வீட்டிலிருந்து ஒரு ஃபிளாஸ்க் கொண்டுவருவான், அதிலிருந்தும் குடித்து யாரும் பார்த்ததில்லை. தெருவில் எதிரே வந்தால் பார்க்காத மாதிரி போவான். செவ்வாயும் வெள்ளியும் அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் மாவட்டத் தலைநகருக்குப் போய்விடுவான், எதற்கு என்றால் சொந்த வேலை என்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் மேஜையில் எந்தக் காகிதம் கிடந்தாலும் குனிந்து மூக்கு படுகிற மாதிரி படிப்பான். இதைவிட ஒருவன் ஒற்றன் என்று எப்படித்தான் காட்டிக்கொள்வது? அரசி பார்த்தாள், அவன் நாற்காலி இறங்கியது.

குலோத்துங்கன் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார்.

"இருதயராஜ், மனசுல கை வச்சுச் சொல்லுங்க. நீங்களா எழுதினது?"

"இல்ல சார்."

உஸ். பாத்திமா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள், இன்னொரு உஸ். பிச்சைக்கனி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அட பாவி மனுசா! என் சீனிக்கு மூணு விரக்கடைதான் எறங்கிச்சு. இதைப் பாருங்க, கிணறு தோண்டுத மாதிரில்லா போவுது!"

அன்றிலிருந்து இருதயராஜின் நாற்காலி ஏறவே இல்லை. கம்பியை இழுத்தாலும் ஏறவில்லை. முதலில் மேஜை நெஞ்சுக்கு வந்தது, வெள்ளிக்கிழமைக்குள் தாடைக்கு வந்தது. அவன் தாடையை மேஜை விளிம்பில் வைத்துக்கொண்டு, பேனாவைக் காதுக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்து எழுதினான். எழுந்து நின்று எழுதலாமே என்று பாத்திமா சொன்னதற்கு, இப்படி வசதியாகத்தான் இருக்கிறது என்றான். உண்மையில் அவன் வேலை முன்னைவிடச் சீக்கிரமாக முடிந்தது, அதுவும் ஒரு சந்தேகத்துக்கு இடமாயிற்று. குலோத்துங்கன் தினம் இரண்டு வேளை ஸ்கேல் வைத்து அளந்து, தேதி நேரத்தோடு அறிக்கையில் சேர்த்தார். எழுதியது யாரென்று உறுதியானால் மலைமேல் இருக்கிற ஒரு பேரூராட்சிக்கு மாற்றல் என்று மாவட்டத்தில் பேச்சு இருந்தது. மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய இடம், ஏழு மணி நேரம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மற்ற மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் மரம் நட்டு போட்டோ எடுக்கப் போயிருந்தார்கள். இருதயராஜ் பின்னால் கை கழுவப் போயிருந்தான். அரசி எழுந்து போய் அவன் ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். காபியும் இல்லை, தண்ணீரும் இல்லை, சாராயமும் இல்லை. ஐஸ் துண்டுகள், நடுவில் விரல் நீளத்துக்கு இரண்டு மருந்துக் குப்பி. கையில் ஃபிளாஸ்க்கோடு நிமிர்ந்தபோது அவன் இரண்டு எட்டு தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

மாட்டிக்கொண்டோம் என்று அவள் நினைத்தாள். அவனோ அவள் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"பிச்சைக்கனியண்ணே, மேடம் சாப்பிடப் போயிட்டாங்களா?"

பிச்சைக்கனி காக்கிச் சட்டைக்காரர், மீசைக்காரர். அரசி பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அவள் ஃபிளாஸ்க்கை மெல்ல மேஜையில் வைத்தாள்.

"தம்பி, நான் அரசி."

அவன் முகம் வெளிறிப்போனது. கையால் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்து, அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்தான்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

"ஒரு வருசமா மேடம். கருவிழி மேல மேகம் மாதிரி மூடிட்டு வருது. ரெண்டு கண்ணும். மாத்து விழி வைக்கணுமாம். செவ்வா வெள்ளி அங்கதான் போறேன். லிஸ்ட்ல மூணாவது பேரு என்னோடது. யாராவது கண்ணு குடுத்தா போன் வரும், ரெண்டு மணி நேரத்துல ஆஸ்பத்திரில நிக்கணும், இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"இதைச் சொல்ல வேண்டியதுதானே தம்பி?"

"வேலை நிரந்தர உத்தரவு இன்னும் வரல மேடம். கண்ணு தெரியாதவன்னு ஒரு வரி எழுதிட்டா அது வருமா? மலைக்கு மாத்திட்டா போன் வந்தும் பிரயோசனம் இல்ல. நான் அந்தக் கடுதாசியை எழுதல மேடம். எனக்கு டைப் எழுத்தே தெரியாது, மூக்கு உரசினாத்தான் தெரியும். நீங்க நம்ப மாட்டீங்க, நாற்காலிதான் சொல்லுதே."

அரசி நம்பினாள். அவள் வாழ்க்கையில் ஒருவர் சொன்னதை, முகர்ந்து பார்க்காமல், வேறு ஆளைக் குடிக்க வைக்காமல், சொன்னபடியே நம்பியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நம்பிய அந்தக் கணத்தில் அவன் நாற்காலி சத்தமில்லாமல் ஒரு விரற்கடை மேலே வந்தது. அவன் கம்பியைத் தொடவில்லை. அவளும் தொடவில்லை. அவனுக்கு அது தெரியவும் இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அரசிக்கு உட்கார முடியவில்லை. மற்றவர்கள் திரும்பி வந்ததும் அவள் பாத்திமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோனில் சிரித்துக்கொண்டிருந்தாள் பாத்திமா. யாரிடம் இவ்வளவு சிரிப்பு, அந்த மெக்கானிக் பையனாக இருக்குமோ என்று நினைத்தாள். உஸ். சீ, அவள் அக்காவாக இருக்கும், அக்கா மாசமாக இருக்கிறாளே என்று நினைத்தாள். ஏறியது. பிச்சைக்கனியைப் பார்த்தாள், மனசை இப்படியும் அப்படியும் திருப்பினாள், அவர் அவள் நினைப்புக்குத் தகுந்தபடி ஏறி இறங்கி, ஒன்றும் புரியாமல் கம்பியைத் தட்டிப் பார்த்தார். பொய்க்கும் இந்த நாற்காலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாரை எத்தனை பேர் சந்தேகப்படுகிறார்களோ அத்தனைக்கு அது இறங்குகிறது. முதல் மூன்று பேரும் தற்செயலாகத் தப்பு செய்தவர்களாக அமைந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இவ்வளவு நாளும் ஸ்கேல் வைத்து அவள் அளந்ததெல்லாம் அவளுடைய, அவர்களுடைய மனசைத்தான். பதினோரு பேர் நடுவில் தரையைத் தொட்ட பொன்சித்ராவின் ஞாபகம் வந்தது. பன்னிரண்டாவது ஆளாகத் தானும் நின்று, முழுமையாக இறங்கியது என்று தன் கையால் எழுதியது ஞாபகம் வந்தது. பின்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். அவமானமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, இருதயராஜ் வருவதற்கு முன்னால் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் கண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை, நாற்காலியைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"நாமதான் சார் இறக்குதோம். அவன் மேல உள்ள சந்தேகத்தை விட்டுப் பாருங்க, தானா ஏறும்."

"அப்போ என் ஏ.சி. தூக்கம்?" என்றார் குலோத்துங்கன். "அது உண்மைதானே? பிச்சைக்கனி சீனி உண்மைதானே?"

"வடக்குத் தெருவுல ஏழு மாசமா தண்ணி இல்ல. அங்க டைப் அடிக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கூடவா இல்ல? மனு குடுக்க வந்து மேஜைக்கு முன்னால நின்ன அத்தனை பேரும் என் காலைப் பார்த்திருப்பாங்க."

பாத்திமா பிச்சைக்கனியைப் பார்த்தாள். பிச்சைக்கனி குலோத்துங்கனைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை நாம இல்லாதப்ப ரெண்டு பேரும்தான் இங்க இருந்தாங்க," என்றாள் பாத்திமா மெதுவாக. "மேடத்தை என்னமோ பேசி மயக்கிட்டான்லா."

அரசியின் நாற்காலி உஸ் என்றது. சந்தேகப்படுகிறவர்களிடம் பேசிப் பயனில்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும், அவளிடம் நாற்பது வருஷமாக எத்தனையோ பேர் பேசிப் பார்த்திருக்கிறார்கள்.

புதன்கிழமை விசாரணை அதிகாரி வந்தார். சஃபாரி சட்டை, மெல்லிய குரல், ஆறாவது நாற்காலியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். நாற்காலியின் விஷயம் மாவட்டம் வரை போயிருந்தது, அவர் ஆச்சரியப்படவில்லை, அளவு எடுத்த ஸ்கேல் முத்திரை இட்டதா என்று மட்டும் கேட்டார். குலோத்துங்கன் அறிக்கையை நீட்டினார். எட்டு நாள் அளவுகள், காலை மாலை, கையெழுத்தோடு. அதிகாரி படித்துக்கொண்டே இருதயராஜைப் பார்த்தார், அவர் பார்வையும் சேர்ந்ததும் அவன் தாடை மேஜைக்குக் கீழே போய்விட்டது. நெற்றியும் தலைமுடியும்தான் தெரிந்தன.

"இதுக்கு மேல என்ன விசாரிக்கிறது? நிர்வாக நலன் கருதி மாற்றம்னு எழுதிடலாம்," என்று பேனாவைத் திறந்தார் அதிகாரி. "நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா, இருதயராஜ்?"

சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் மாற்றலில் கண் போகும் என்று அவன் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது அரசிக்குத் தெரிந்தது. அவளுக்கு இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. மலைக்குளிர் முதுகுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மலைமேல் அலுவலகத்தில் நாற்காலி எப்படி இருக்குமோ, பிரம்பு அறுந்ததாகத்தான் இருக்கும். வீட்டுக்காரர் காபிக்குப் பாலை யார் முகர்ந்து பார்ப்பார்கள் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் வாயைத் திறந்தாள்.

"சார், அந்தக் கடுதாசியை நான்தான் எழுதினேன்."

அவள் வாழ்நாளில் சொன்ன மிகப் பெரிய பொய் அது. சொல்லி முடித்து, அறை முழுக்க அது நிற்கும்போது, அவள் நாற்காலி அசையாமல் இருந்தது. பொய்க்கு இறங்குகிற நாற்காலியாக இருந்தால் அந்நேரம் தரையைத் துளைத்திருக்க வேண்டும். அதை யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்க்கத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அதிகாரி திரும்பினார். உஸ். கால் பலகையை வாங்கியவளே இவள்தானே, இவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்று குலோத்துங்கன் திரும்பினார். உஸ். திங்கட்கிழமை அவனுக்காக ஏன் அவ்வளவு பேசினாள் என்று பாத்திமா திரும்பினாள். உஸ். பிச்சைக்கனி வாசலில் நின்று வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"யக்கா, நீங்களா!"

அவள் இறங்க இறங்க, ஜன்னலோரத்தில் இருதயராஜின் கண்ணும், மூக்கும், தாடையும், சட்டைப் பொத்தானும் ஒவ்வொன்றாக மேஜைக்கு மேல் வந்தன. அதிகாரி பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளில் எழுதத் தொடங்கினார். அரசியின் முழங்கால் மார்பை முட்டியது, இரண்டு வட்டும் பழைய இடத்தில் வலித்தன, நாற்காலிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரற்கடைதான் மிச்சம் இருந்தது.

அப்போது இருதயராஜ் திரும்பினான். அவனுக்கு அவள் பச்சையோ காக்கியோ, ஏதோ ஒரு நிழல். குரல் வந்த திசையைப் பார்த்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, மேகம் மூடிய கருவிழிகளோடு அவளையே பார்த்தான். அவனும்தான் ஏன் நம்பக்கூடாது, எழுதிவிட்டு எட்டு நாள் தன்னை மாட்டவிட்டவள் என்று நினைக்க அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கடைசி உஸ்ஸுக்காகக் காத்திருந்தாள்.

அது வரவில்லை.